எல்லாப் போனிலும் 1.0

2024 ஒக்டோபர் மாசச் சம்பளம் கைக்கு வந்த அடுத்த நாள், தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு அக்கா எங்களுக்குப் போன் எடுத்தார். "புள்ளைங்களா, ஒங்க ஆப் கணக்குப்படி 7,700 ரூபா கொறையுது. ஆபீஸ்ல போய்க் கேட்டேன். எல்லாரும் சிரிக்கிறாங்க."

நாங்கள் மூன்று பேர். மூன்று பேருமே லயத்தில் வளர்ந்தவர்கள், இப்போ கண்டியில் படிக்கிறோம். மாசத்துக்கு எத்தனை பேர் விழுந்தது என்று போட்டால், பிடித்தம் கழிக்க முன்னம் எவ்வளவு வரணும் என்று சொல்லும் ஒரு சின்னச் செயலி செய்திருந்தோம். சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடணும் என்பதால் இன்டர்நெட் தேவையில்லை. பிளே ஸ்டோரிலும் போடவில்லை. வட்ஸ்அப்பில் ஃபைலாக அனுப்பினோம். அது போனுக்குப் போன் தாவியது.

2021 இல் 1,000 ஆன நாட்சம்பளம், 2024 மே தினத்தையொட்டி 1,700 என்று வர்த்தமானியில் வந்தது. அந்தச் சந்தோசத்தில் செய்ததுதான் இந்தச் செயலி. பிறகு கம்பெனிகள் நீதிமன்றம் போக, ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பரில் 1,350 என்று புது வர்த்தமானி. நாங்களும் தொகையை மாற்றி, புது ஃபைலை குரூப்களில் போட்டுவிட்டு, வேலை முடிஞ்சுது என்று இருந்துவிட்டோம்.

அக்காவுக்கு விழுந்தது 22 பேர். ஒரு நாளைக்கு 350 ரூபா வித்தியாசம். கணக்கு சரியாக 7,700. அப்போ அவரிடம் இருப்பது மே மாசத்து ஃபைல்.

"அக்கா, பழசா புதுசா?"

"புதுசுதான். போன வாரந்தான் மக ஏத்தித் தந்தா."

"அபவுட் பக்கத்துல என்ன நம்பர் இருக்கு?"

"ஒன்னு புள்ளி சைபர்."

எங்கள் போனைத் திறந்து பார்த்தோம். புது ஃபைல். அதிலும் 1.0.

அந்த 1.0 ஐ முதல் நாள் கையால் தட்டியிருந்தோம், தலைப்பு எழுதுவதுபோல. ஃப்ளட்டரில் பப்ஸ்பெக் என்ற ஃபைலில் வெர்ஷனுக்கு ஒரு வரி இருக்கிறது. செப்டெம்பரில் அதை 1.2.0+7 என்று மாற்றியும் இருந்தோம். கூட்டல் குறிக்கு முன்னால் இருப்பது மனுசர் வாசிக்கிற பெயர். பின்னால் இருப்பது அன்ட்ரொய்ட் பார்க்கிற எண். பெரிய எண் ஏறியிருக்கும் போனில் அதைவிடச் சின்ன எண்ணுள்ள ஃபைலை அதன்மேல் ஏற்ற அன்ட்ரொய்ட் விடாது. ஆக, போனுக்கு உண்மை தெரியும். திரைக்குத்தான் தெரியாது.

திருத்துவதற்கு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. பேக்கேஜ் இன்ஃபோ பிளஸ் என்ற பொதியைச் சேர்த்து, செயலி திறக்கும்போதே "நீ யார்?" என்று போனிடம் கேட்க வைத்தோம். பதில் வர ஒரு கணம் எடுக்கும். அதனால் அதுவரை அந்த இடத்தை வெறுமையாக விட்டோம், பொய் நம்பர் போடாமல். ஃப்ளட்டர் இல்லாமல் நேரடியாக அன்ட்ரொய்டில் எழுதுகிறவர்கள் பேக்கேஜ் மனேஜரிடம் இதையே கேட்கலாம். எண் ஒரே இடத்தில் எழுதப்படணும், மற்ற எல்லா இடமும் அங்கிருந்து வாசிக்கணும். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். தேத்தண்ணி தந்தார். புதுசை ஏற்றி, "இதில 1.2.1 என்று இருக்கு பாருங்க" என்று பெருமையாகக் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது ஒங்களுக்கு வெளங்கும். எனக்கு எத்தன ரூவா கணக்குனு போடுங்க" என்றார்.

அதன் பிறகு விடைக்குக் கீழேயே பெரிய எழுத்தில், "நாளொன்றுக்கு 1,350 ரூபா, 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி" என்று வரச் செய்தோம். அதற்குக் கீழே சின்னதாக வெர்ஷன். அது யாராவது போன் எடுத்தால் நாங்கள் கேட்பதற்கு.

மே மாசத்து ஃபைல் இன்னும் எத்தனை போனில் 1,700 காட்டிக்கொண்டு இருக்கிறதோ, எங்களால் எண்ண முடியாது. நீங்கள் செய்த செயலி ஏதும் இருந்தால், அபவுட் பக்கத்தை இண்டைக்கே ஒருக்கா திறந்து பாருங்கள். அந்த நம்பர் எங்கிருந்து வருகிறது?