கறுத்த தண்ணியை யார் கொட்டுவது? வாட்டர் ஃபில்டர் வாக்குவம் கிளீனருடன் போடியில் ஒரு குடும்பம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. போடிநாயக்கனூரில் ஒரு வீட்டுக் கூடத்தில், மொத்தக் குடும்பமும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைச் சுற்றி நிற்கிறது. கால் மணி நேரத்துக்கு முன்பு அதில் ஊற்றியது சுத்தமான குழாய்த் தண்ணீர். இப்போது அது காபி டிகாஷன் நிறத்தில் இருக்கிறது.

"எல்லாம் உங்க மெத்தையில இருந்து வந்ததுதான் சார்" என்கிறார் டெமோ காட்ட வந்த இளைஞர்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இதுலயாடா தம்பி இத்தனை வருசமா படுத்துக் கெடந்தோம்?"

அந்தக் கேள்வியோடு வியாபாரம் முடிந்துவிட்டது. மகனின் ஒரு மாதச் சம்பளத்தைவிட விலை அதிகம். 12 மாதத் தவணையில் வாட்டர் ஃபில்டர் வாக்குவம் கிளீனர் வீட்டுக்கு வந்தது.

மகன் அதை வாங்கியது தரை பளபளக்க வேண்டும் என்பதற்காக அல்ல. அம்மாவுக்கு 58 வயது. மூன்று வருடங்களாக மூச்சு இளைப்பு. நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தபடி மூச்சு வாங்குவார். அந்தச் சத்தம் பக்கத்து அறைவரை கேட்கும். அது நின்றால் போதும் என்றுதான் மகன் தவணைத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

வாசல் தெளிக்கும் அதே கணக்கு

வாக்குவம் கிளீனரின் கதையிலேயே ஓர் இளைப்பு நோயாளி இருக்கிறார். அமெரிக்காவின் ஓஹாயோ மாகாணத்தில், ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர். கூட்டும்போது கிளம்பிய தூசியில் அவருக்கு ஆஸ்துமா அதிகமானது. ஒரு மின்விசிறி மோட்டார், துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை ஆகியவற்றை இணைத்து அவரே ஒரு தூசி உறிஞ்சியைச் செய்தார். 1908-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பிறகு ஹூவர் குடும்பம் அதை வாங்கி உலகம் முழுக்க விற்றது.

சாதாரண வாக்குவம் கிளீனரில் தூசி ஒரு பையில் சேரும். பை நிறைய நிறைய இழுவை குறையும். பையைக் கழற்றித் தட்டும்போது, பிடித்த தூசியில் ஒரு பங்கு மறுபடி மூக்குக்கே வரும். தண்ணீர் வகையில் பை கிடையாது. உறிஞ்சிய காற்று தொட்டியில் உள்ள தண்ணீருக்குள் கலக்கியடிக்கப்படும். தூசி நனைந்து தண்ணீரிலேயே தங்கிவிட, காற்று மட்டும் வெளியே வரும்.

கேட்கப் புதிதாக இருந்தாலும் நம் வீடுகளுக்கு இது பழைய கணக்கு. வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தானே கூட்டுகிறோம்? நனைந்த தூசி பறக்காது. அவ்வளவுதான் சூட்சுமம்.

முதல் மூன்று மாதம்

மெஷின் வந்தது ஏப்ரலில். வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம் ஓடியது. சுமார் 1,000 வாட் மோட்டார் என்பதால் வாரத்துக்கு ஒரு யூனிட் மின்சாரம். இரண்டு மாதத்துக்கு எட்டு, ஒன்பது யூனிட். கரன்ட் பில் பெரிதாக ஏறவில்லை.

ஜன்னல் கம்பி, ஃபேன் இறக்கை, பீரோவின் அடி, சோபா இடுக்கு என விளக்குமாறு போகாத இடமெல்லாம் சுத்தமானது. கீழே கொட்டிய பாலைக்கூட உறிஞ்சியது. தூசியைத் தட்டும் வேலையே இல்லை. தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால் முடிந்தது. பை மாற்றும் செலவும் இல்லை. பேரன் மட்டும் ஒவ்வொரு முறையும் "இன்னைக்கு எவ்வளவு கறுப்பு?" என்று எட்டிப் பார்ப்பான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அம்மா ராத்திரியில் தூங்கினார். "காசு வீண் போகலம்மா" என்றார் மகன்.

பிறகு தெரிந்த சங்கடங்கள்

மகன் தேனிக்கு வேலைக்குப் போய்விடுவார். மருமகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாயங்காலம் குடோனிலிருந்து முதலில் வீடு திரும்புவது அம்மாதான். எனவே மெஷின் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. தண்ணீரோடு சேர்த்தால் ஏறக்குறைய பத்து கிலோ. அதை மாடிப்படியில் தூக்கி ஏற்றும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது.

"நீங்க ஏன் அத்தை தூக்குறீங்க? வச்சிருங்க, நான் வந்து பாக்குறேன்" என்பார் மருமகள்.

"ஆமா, நீ வர்ற வரைக்கும் அந்தத் தண்ணி நாறாம இருக்குமா?"

அம்மா சொன்னது சரிதான். இந்த வகை மெஷினில் வேலை முடிந்தவுடன் தண்ணீரைக் கொட்டி, தொட்டியைக் கழுவி, காய வைத்தே ஆக வேண்டும். ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மூன்று நாள் வெளியூர் போனபோது கொட்ட மறந்துவிட்டார்கள். திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது வந்த நாற்றத்தை அந்த வீடு இன்னும் மறக்கவில்லை. தூசி, முடி, தோல் துகள் எல்லாம் ஊறிய தண்ணீர் கிருமிக்கும் பூஞ்சைக்கும் நல்ல சாப்பாடு.

அடுத்தது நுரை. சோப்புத்தூள் சிந்திய தரையை உறிஞ்சினால் தொட்டிக்குள் நுரை பொங்கும். அது மோட்டார் பக்கம் ஏறினால் ரிப்பேர்தான். நுரையை அடக்கத் தனியாக ஒரு திரவம் வாங்கி ஊற்ற வேண்டும். டெமோ நாளில் இதை யாரும் சொல்லவில்லை. ஒருமுறை அப்படி மோட்டார் நின்று, சர்வீஸுக்கு மதுரை போக வேண்டியிருந்தது. 2023 ஜூனில் போடிவரை மீண்டும் ஓடத் தொடங்கிய ரயிலில், மெஷினை மடியில் குழந்தைபோல வைத்துக்கொண்டு போய்வந்தார் மகன்.

மூன்றாவது, போடிக்கே உரிய சிக்கல். ஏலக்காயைப் போலவே இலவம்பஞ்சுக்கும் பெயர்போன ஊர் இது. வீட்டில் இருப்பதும் இலவம்பஞ்சு மெத்தைதான். தையல் வழியாக வெளிவரும் பஞ்சிழை தண்ணீரில் நனையாது, மிதக்கும். இழையின் உள்ளே வெற்றிடம், மேலே மெழுகுப் பூச்சு. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்புச் சட்டைகளில் இதைத்தான் அடைத்தார்கள். தொட்டியில் மிதந்த பஞ்சு, மேலே இருந்த வடிகட்டியில் போய் அடைத்துக்கொண்டது.

பஞ்சு மட்டுமல்ல, மிக நுண்ணிய தூசியும் காற்றுக் குமிழிக்குள் மாட்டிக்கொண்டால் தண்ணீரைத் தொடாமலே வெளியேறிவிடும். அதனால்தான் நல்ல மாடல்களில் தண்ணீருக்குப் பிறகு 'ஹெப்பா' வடிகட்டியும் இருக்கும். 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவிகிதத்தைப் பிடிப்பதுதான் அதன் தரம். தண்ணீர் மட்டும் உள்ள மெஷின் இளைப்பு உள்ளவர்களுக்குப் போதாது.

மலை ஏறிய மெஷின்

போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டம் ஒன்றில் மகள் குடியிருக்கிறார். ஆடி மாதத்தில், "ஒரு மாசம் எங்க வீட்டுக்கும் குடும்மா" என்று கேட்டு, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் வானிலையே வேறு. கீழே போடியில் வெயில் காயும்போது அங்கே சாரலும் மூடுபனியுமாக இருக்கும். கீழே ஒரு மணி நேரத்தில் காய்ந்த தொட்டி, அங்கே இரண்டு நாளாகியும் ஈரமாகவே இருந்தது. மெஷின் திரும்பி வந்தபோது குழாயின் உட்பக்கம் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை.

மெத்தையில் வாழும் தூசிப் பூச்சிக்கும் ஈரம்தான் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அது, அரை மில்லிமீட்டருக்கும் சிறியது. நம் தோல் துகளைத் தின்று வாழும் அதன் எச்சம்தான் பலருக்கு ஒவ்வாமை தருகிறது. வாக்குவம் கிளீனர் மெத்தையின் மேற்பரப்பில் இருப்பதைத்தான் எடுக்கும். ஆழத்தில் இருப்பதற்கு மெத்தையை வெயிலில் போடுவதும், விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதும் உதவும். ஈரம் காயாத வீட்டில் தண்ணீர் மெஷின் கூடுதல் பொறுப்பு.

ஐப்பசியில் திரும்பி வந்த இளைப்பு

மெஷினைக் கழுவிக் காயவைத்து, வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டினார்கள். ஆனாலும் ஐப்பசியில் அம்மாவுக்குப் பழையபடி இளைப்பு. ராத்திரியில் மறுபடி அந்தச் சத்தம். மகனுக்கு மெஷின்மேல் கோபம். அம்மாவுக்குத் தன் மேலேயே கோபம். "இவ்வளவு காசு போட்டும் என் நெஞ்சு அடங்கலயே!"

மருத்துவரிடம் போனார்கள். வீட்டுத் தூசி பற்றியும் மெஷின் பற்றியும் மகன் விவரமாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மருத்துவர் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பகல்ல எங்க இருக்கீங்க?"

குடோனில். இருபது வருடத்துக்கு மேலாக ஏலக்காய் பொறுக்கும் வேலை. மலையில் உலர்த்தி மூட்டையில் வரும் காயைச் சலித்து, 6, 7, 8 மில்லிமீட்டர் என்று அளவு பிரிப்பார்கள். பிறகு நிறம் பார்த்துக் கையால் பொறுக்குவார்கள். சலிக்கும்போது காம்பும், காய்ந்த பூவின் துணுக்கும், பொடித் தூசியும் பறக்கும். அம்மா உட்காரும் இடம் சல்லடைக்கு நேர் பக்கத்தில்.

அப்போதுதான் மகனுக்குக் கணக்குப் புரிந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை காய் வரத்து குறைவு. அம்மாவுக்கு வேலை நாளும் குறைவு. அதனால் மூச்சு லேசானது. அறுவடை சூடு பிடிக்கும் ஐப்பசியில் தூசியும் கூடியது, இளைப்பும் கூடியது. நன்றியெல்லாம் மெஷினுக்குப் போய்விட்டது. அம்மாவின் நுரையீரலுக்குள் போன தூசி, டெமோ காட்டிய அந்தத் தொட்டிக்குள் வரவே இல்லை.

கறுத்த தண்ணீர் ஒன்றை மட்டும்தான் நிரூபித்தது. மெஷின் தூசியை இழுக்கிறது என்பதை. அந்தத் தூசிதான் நோய்க்குக் காரணம் என்பதை அல்ல.

வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

* வீட்டில் யாருக்காவது இளைப்பு என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். எந்தத் தூசி, எங்கே இருக்கும் தூசி என்று தெரிந்த பிறகு மெஷினைப் பற்றி யோசிக்கலாம்.
* தண்ணீரோடு சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். தினமும் தூக்கப்போகிறவரே தூக்கிப் பார்க்கட்டும்.
* ஹெப்பா வடிகட்டி உண்டா, அதை எப்போது மாற்ற வேண்டும், என்ன விலை என்று கேளுங்கள்.
* சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது?
* டெமோ நாளிலேயே கையெழுத்துப் போட வேண்டாம். ஓர் இரவு தள்ளிப்போடுங்கள். வாங்கினால் பில்லும் வாரன்டியும் எழுத்தில் இருக்கட்டும். பிரச்னை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
* கடைசிக் கேள்விதான் பெரியது. கறுத்த தண்ணீரை யார் கொட்டுவது? அதற்கு வீட்டில் பதில் இல்லை என்றால், ஈரத்துணியும் மாப்புமே நல்லது.

இப்போது

மருத்துவர் எழுதித் தந்த இன்ஹேலரை அம்மா தினமும் தவறாமல் எடுக்கிறார். குடோனில் சல்லடையிலிருந்து தள்ளி, வாசல் பக்கமாக இடம் கேட்டு வாங்கியிருக்கிறார். முகக்கவசம் போட்டுக்கொள்கிறார். முதல் வாரம் சிரித்த பக்கத்து அக்காவும் இப்போது ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் குளித்து, சேலை மாற்றிய பிறகுதான் பேரனைத் தூக்குகிறார். இளைப்பு முழுதாகப் போகவில்லை. ஆனால் ராத்திரியில் எழுந்து உட்காரும் நாட்கள் குறைந்திருக்கின்றன.

மெஷினை விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஓடுகிறது. ஓட்டுவது மகன், கொட்டுவதும் மகன்தான். கொல்லையில் தொட்டியைக் கழுவி, வெயிலில் கவிழ்த்துவிட்டு உள்ளே வருவார்.

"நல்லா காய வச்சியாடா?" என்று அம்மா கேட்பார். டிஃபன் பை ஓரமாக இருக்கும். அதில் மறுநாளைக்கான முகக்கவசத்தைத் துவைத்து மடித்து வைத்திருப்பார்.