தவழ்ந்து தொட்ட கோடு

‘உடற்பயிற்சி செய்யுங்கள்’ என்று உங்களுக்குச் சொல்லித் திரிபவள் நான். ஒருநாள் கண்டி வாவியைச் சுற்றி ஓடிப் பார்த்தேன். மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். பாதியிலேயே மூச்சிரைத்து மதிலோரம் குந்திவிட்டேன். வெட்கமாக இருந்தது.

அப்போது ஜூலி மொஸ் நினைவுக்கு வந்தார். 1982 பெப்ரவரியில் ஹவாயில் நடந்த ட்ரையத்லன் போட்டியில் 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், 42 கிலோமீற்றர் ஓட்டம். பட்டப்படிப்பு ஆய்வுக்காகப் போதிய பயிற்சியின்றிக் கலந்துகொண்ட 23 வயது மாணவி. பெண்களில் முன்னணியில் வந்தவர், முடிவுக்கோட்டருகே விழுந்தார். இன்னொருவர் முந்தினார். ஜூலி தவழ்ந்தே கோட்டைத் தொட்டார்.

நான் எழுந்து மீதியை நடந்து முடித்தேன்.

சகோதரிகளே, 2009இல் பிள்ளைகளைச் சுமந்து நடந்த உங்களுக்கு யார் பயிற்சி தந்தார்கள்? இனி அறிவுரை வேண்டாம். உங்களோடு நானும் நடக்கிறேன்.