இரவு எப்படி இருந்தது?

சோலாங் பள்ளத்தாக்கின் ஏப்ரல் மாதம் ஆளை ஏமாற்றக்கூடியது. கீழே மணாலியில் ஆப்பிள் மரங்கள் பூத்துக் கிடக்கும். வெயில் இதமாக அடிக்கும். பனிக்காலத்தோடு ஆபத்தும் போய்விட்டது என்று தோன்றும். ஆனால் 3,000 மீட்டருக்கு மேலே, மாதக்கணக்கில் பெய்து சேர்ந்த பனி முழுவதும் இன்னும் சரிவுகளில்தான் தங்கியிருக்கிறது.

துந்தியைத் தாண்டி பகர்தாச்சில் கூடாரம் அடித்திருந்தோம். பிரெண்ட்ஷிப் சிகரத்துக்குப் போகும் வழியில் ஒரு முகடு வரை ஏறுவதாகத் திட்டம். இரவு சாப்பாடு முடிந்ததும் எங்கள் வழிகாட்டி வெளியே போய் நெடுநேரம் வானத்தைப் பார்த்தார். “மேகமே இல்லை சார், மூணு மணிக்குக் கிளம்பிடலாம்” என்றார்.

வசந்தகாலப் பனியின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால், பகலில் இளகிய பனி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு மீண்டும் இறுகிவிடும். காற்றின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் இது நடக்கும். மேகம் சூழ்ந்த இரவில் அந்த வெப்பம் போர்வைக்குள் இருப்பதுபோல் தங்கிவிடும். விடியும்போதும் பனி ஈரமாகவே கிடக்கும்.

அன்று விடியும்வரை பனி பாறைபோல் தாங்கியது. பூட்ஸின் இரும்புப் பற்கள் ‘கிறீச்’ என்று கடித்துப் பிடித்தன. கிழக்கு பார்த்த சரிவுகளில் வெயில் விழுந்ததும் எல்லாம் மாறத் தொடங்கியது. முதலில் கணுக்கால் புதைந்தது, பிறகு கெண்டைக்கால். மேலே பாறையோரத்திலிருந்து எலுமிச்சை அளவுப் பனி உருண்டைகள் தாமாகக் கழன்று உருண்டன. வழிகாட்டி ஒரு பிடி பனியை அள்ளிப் பிழிந்தார். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

உருகிய நீர் உள்ளே இறங்கும்போது பனித்துகள்களின் பிடிமானம் அறுந்துவிடுகிறது. சரிவு 30 முதல் 45 டிகிரிக்குள் இருந்தால் அந்தப் பனி கீழே வரத் தயாராகிவிடும். ஈரப்பனிச் சரிவு உலர்பனிச் சரிவைவிட மெதுவாக வரும், ஆனால் கனம் அதிகம். நின்றதும் இறுகிக்கொள்ளும், உள்ளே அகப்பட்டவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைப்பது அரிது. ஆகவே புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி, துழாவுகோல், மண்வாரி மூன்றும் குழுவில் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஹெலிகாப்டர் வரும்வரை உயிர் காத்திருக்காது.

ஒன்பதரை மணிக்கு வழிகாட்டி, “இதோட திரும்பிடலாம் சார்” என்றார். முகடு கண்ணெதிரே தெரிந்தது. திரும்பினோம்.

அந்தச் சரிவு அன்று விழவில்லை. அதனால் திரும்பியது வீண் என்று ஆகிவிடாது. நண்பகலில் அதே சரிவில் ஏறிப் பத்திரமாக இறங்கியவர், தான் செய்தது சரி என்றே நம்புவார். மறுமுறையும் நண்பகலில்தான் போவார். மலை நம் தவறை ஒவ்வொரு முறையும் சுட்டிக்காட்டுவதில்லை. இதற்குத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா செல்லும் சாலையோரம் பனிச்சரிவில் ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்கள் சிகரம் ஏறப் போனவர்கள் அல்லர், பனியைப் பார்க்கப் போனவர்கள்.

இமயமலைப் பகுதிகளுக்கு டிஆர்டிஓவின் டிஜிஆர்இ நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள். வழிகாட்டியிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நேற்றிரவு பனி இறுகியதா? எத்தனை மணிக்குத் திரும்புவோம்? இரண்டுக்கும் தெளிவான பதில் சொல்லாதவரோடு ஏப்ரலில் பனியேறாதீர்கள்.