ஆம்லோடிபினும் கணுக்காலும்

பிரஷர் பார்க்க வருபவர்களைக் கை நீட்டச் சொல்வதற்கு முன்பே என் கண் அவர்கள் காலுக்குப் போய்விடும். ஆம்லோடிபின் எழுதுகிற எந்த மருத்துவருக்கும் இந்தப் பழக்கம் வேண்டும் என்பேன்.

எனக்கு மிகவும் பிடித்த மாத்திரை அது. விலை குறைவு. நாளுக்கு ஒன்று போதும். தொடங்குவதற்கு முன் ரத்தத்தில் உப்பு எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. முதியவர்களுக்கும் நன்றாக வேலை செய்யும். 2017-ல் தொடங்கிய தேசிய அளவிலான ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பல மாநிலங்கள் இதன் 5 மில்லிகிராமையே முதல் படியாக வைத்ததற்குக் காரணம் இதுதான்.

ரத்தக் குழாயின் சுவரில் இருக்கும் தசை சுருங்க வேண்டுமானால், கால்சியம் அதன் செல்லுக்குள் நுழைய வேண்டும். அந்த வாசலை இந்த மருந்து அடைக்கிறது. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. "எலும்புக்குக் கால்சியம் மாத்திரை சாப்பிடறேனே, இது அதைக் கெடுத்துடாதா?" என்று கேட்காத பெண்கள் குறைவு. கெடுக்காது. எலும்பில் இருக்கும் கால்சியத்தை இது தொடுவதில்லை.

ஆம்லோடிபின் மெதுவாக வேலை செய்யும் மருந்து. ஒரு வேளை மருந்தில் பாதி உடலிலிருந்து வெளியேறவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதன் முழு பலம் தெரிய ஒரு வாரமாவது பிடிக்கும். மூன்றாம் நாளே வந்து, "இன்னும் குறையலியே, பத்தா எழுதிக் குடுங்க" என்பவரிடம் நான் அசைந்து கொடுப்பதில்லை. அவசரத்தின் விலை என்ன என்பதை இதே குடும்பத்து நிஃபெடிபின் காட்டியிருக்கிறது. அந்தக் கேப்சூலைக் கடித்து நாக்குக்கடியில் வைத்து அழுத்தத்தைச் சட்டென்று இறக்குவது ஒரு காலத்தில் எங்கும் நடந்தது. அப்படித் திடீரென இறங்கியதில் சிலருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. அந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று 1996-லேயே மருத்துவ இதழ்களில் எழுதிவிட்டார்கள். இன்னும் அதைக் கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

இனி கால்.

"காலையில செருப்பு சரியாத்தாம்மா இருக்கு. சாயங்காலம் வார் உள்ள நுழைய மாட்டேங்குது" என்றார் ஒரு பாட்டி. மெட்டி விரலில் புதைந்திருந்தது. கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். பள்ளம் அப்படியே நின்றது. பையிலிருந்து அவர் எடுத்துவைத்த அட்டைகளைப் பார்த்ததும் கதை புரிந்தது. ஆம்லோடிபின் பத்து மில்லிகிராம். கால் வீங்கியதும் யாரோ எழுதிய நீர் பிரியும் மாத்திரை. அதனால் தலைசுற்றல் வந்ததும் அதற்கொரு மாத்திரை. சோர்வுக்குச் சத்து மாத்திரை.

இந்த வீக்கம் உடம்பில் உப்பும் நீரும் சேர்ந்ததால் வருவதல்ல. தமனியின் நுனிக் கிளைகள் விரிகின்றன, சிரைகள் அதே அளவு விரிவதில்லை. தலைமடையை அகலத் திறந்துவிட்டு வடிகாலைப் பழையபடியே விட்டால் வயலில் நீர் நிற்கும் அல்லவா, அதுபோல நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் வெளியே கசிகிறது. நீர் பிரியும் மாத்திரையால் இந்த வீக்கம் பெரிதாக வடியாது. ஆனால் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அது இறக்கிவிடும். வயதானவர் இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், யாரும் அந்த நீர் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை.

பாட்டிக்கு முதலில் மூச்சுத் திணறல் உண்டா, படுத்தால் இருமலா, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தேன். ஆம்லோடிபின் சாப்பிடுகிறார் என்பதற்காக இதயத்தையும் சிறுநீரகத்தையும் மறந்துவிடக் கூடாது. அவை சரியாக இருந்ததால் பத்தை ஐந்தாக்கி, கூடவே வேறு வகை ரத்த அழுத்த மருந்தான டெல்மிசார்டன் 40 மில்லிகிராம் சேர்த்தேன். அது சிரைப் பக்கத்தையும் தளர்த்தும் என்பதால் அழுத்தமும் நிற்கும், வீக்கமும் குறையும். நீர் மாத்திரையையும் தலைசுற்றல் மாத்திரையையும் நிறுத்தினேன். சில வாரங்களில் செருப்பு வார் மாட்ட முடிந்தது.

ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து எழுதுமுன், முதல் மருந்தின் அளவைக் குறைக்க முடியுமா என்று கேட்பதே சரியான வைத்தியம். பலருக்குப் பத்து மில்லிகிராம் தேவையே இல்லை. ஐந்தோடு வேறு வகை மருந்து ஒன்றைக் குறைந்த அளவில் சேர்ப்பது நல்ல பலன் தரும், கால் வீக்கமும் குறைவு.

இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு: கால் வீங்கினால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், மருந்துக்கடையில் நீர் மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். சாப்பிடும் எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போய்க் காலைக் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே போங்கள்.