மூச்சுப் பரிசோதனையும் நமது விருந்துகளும்

பண்டிகைக் காலம் நெருங்கும்போது நியூ சவுத் வேல்ஸ் பொலிசார் வீதியோரத்தில் வாகனங்களை மறித்து, ஒரு கருவியை நீட்டி ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொல்வதை அங்கத்தவர் அனைவரும் அறிவர். இதனால் உண்மையில் பலன் உண்டா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. வைத்தியன் என்ற முறையில் சில வார்த்தைகள் எழுதுகிறேன்.

இம்மாநிலத்தில் இந்த ஏற்பாடு 1982 டிசம்பர் 17ஆம் திகதி ஆரம்பமானது. விக்டோரியா 1976இலேயே தொடங்கிவிட்டது. அதற்கு முன்னர், சாரதியின் மீது சந்தேகம் கொள்ள ஏதேனும் காரணம் இருந்தால்தான் பொலிசார் ஊதச் சொல்லலாம். புதிய முறையில் காரணம் வேண்டியதில்லை; எவரையும் எந்நேரமும் நிறுத்தலாம். 1982இல் இம்மாநில வீதிகளில் 1253 பேர் இறந்தனர். 1983இல் 966 பேர். ஒரே வருடத்தில் ஏறத்தாழ முந்நூறு உயிர்கள்! அதன்பின் வந்த குறைவுக்கு நல்ல வீதிகள், நல்ல வாகனங்கள் எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அந்த முதல் வருட வீழ்ச்சிக்கு வேறு காரணம் தேடுவது கடினம்.

தண்டனை கடுமையானது என்பதைவிட, இன்றிரவே பிடிபடலாம் என்ற எண்ணம்தான் மனிதனைத் தடுக்கிறது. அதனால்தான் பொலிசார் ஒளியாமல் பலர் காண நிற்கிறார்கள். ஊதினால்தான் எஞ்சின் இயங்கும் பூட்டுக் கருவியும் நல்லதே. 2015 முதல் பாரிய குற்றம் செய்தோருக்கு இங்கு அது கட்டாயம். ஆனால் கருவியைக் கழற்றியபின் பலர் பழைய வழிக்கே திரும்புகின்றனர். நண்பர் கூட்டத்தில் ஒருவர் குடியாமல் வாகனம் ஓட்டுவது என்ற திட்டத்துக்கு விளம்பரம் அதிகம்; விபத்தைக் குறைத்ததற்குச் சான்று குறைவு. மற்றவர்கள் சற்று அதிகமாகவே குடிப்பார்கள், ஓட்ட வேண்டியவரும் 'ஒன்று மட்டும்' எடுப்பார். (நமது வீடுகளில் அந்த ஒருவர் எப்போதும் மனைவிதான். அவர் இரவு வேலை முடித்து வந்தவரா என்று எவரும் கேட்பதில்லை.)

பல வருடங்களுக்கு முன் அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுக் கடமையில் இருந்தேன். பிறந்தநாள் விருந்திலிருந்து திரும்பிய நம்மவர் ஒருவரின் கார் மின்கம்பத்தில் மோதியிருந்தது. அவருக்குச் சிராய்ப்பு மட்டுமே. பக்கத்திலிருந்த மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. நான் ஊசியுடன் வந்ததும் அவர் மெதுவாகத் தமிழில், "தம்பி, நீங்களும் யாழ்ப்பாணம்தானே? இரத்தம் எடுக்காமல் விட ஏலாதோ?" என்றார்.

"ஏலாது ஐயா. விபத்திலை பட்டு வாற சாரதியளிட்டை எடுக்கவேணும் எண்டது சட்டம்" என்று சொல்லி எடுத்தேன். அடுத்த கட்டிலில் அந்த அம்மா, வேதனையிலும், "அவர் ரெண்டே ரெண்டுதான் எடுத்தவர், டொக்டர்" என்றார்.

அந்த 'இரண்டு' எவ்வளவு என்பதுதான் கேள்வி. இங்கு ஓர் அளவு என்பது பத்து கிராம் மதுசாரம், அதாவது முப்பது மில்லிலீற்றர் விஸ்கி. நமது கராஜ்களில் கண்ணளவால் ஊற்றும் ஒரு கிளாசில் அதுபோல் இரண்டு மூன்று அடங்கும். ஈரல் ஓர் அளவை அகற்ற ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் எடுக்கும். கோப்பியோ குளிர்ந்த நீரோ ஆட்டுக்கறியோ அதை விரைவுபடுத்தாது. நள்ளிரவு வரை நன்றாகக் குடித்தவர், காலை பூசைக்கு வாகனத்தில் வரும்போதும் சட்ட எல்லையான 0.05ஐத் தாண்டியிருக்கலாம். சிவப்பு, பச்சை 'பி' பலகை மாட்டிய நம் பிள்ளைகளுக்கோ எல்லை பூச்சியம்.

ஆலய மண்டபத்தில் மது இல்லை. அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் நமது அங்கத்தவர்கள் வெளி மண்டபங்களில் நடத்தும் கலியாண விருந்துகளிலும் ஒன்றுகூடல்களிலும் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை. உள்ளூர் கிளப்புகள் பல தம் விருந்தினரை வீடு சேர்க்க இலவச பஸ் விடுகின்றன. நாமும் விருந்துக்கான டிக்கெட் விலையிலேயே திரும்பிச் செல்லும் மினிபஸ் கட்டணத்தைச் சேர்த்துவிடலாம். தனியாகக் காசு கேட்டால் எவரும் ஏறமாட்டார்கள், நம்மவரை நானறிவேன். வென்ற்வேர்த்வில், ஹோம்புஷ் பக்கங்களுக்கு ஒவ்வொரு வண்டி போதும். இதை அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் எழுத்துமூலம் முன்வைக்கிறேன். ஆதரிப்போர் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் பிரசாதம் வழங்கும் இடத்தில் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.