புள்ளி வைப்பது யார்?

வானூர்தி ஓட்டப் பயில்வோர் கையில் மின்கலமின்றி இயங்கும் வட்டக் கணிப்பான் ஒன்றுண்டு. அமெரிக்கரான பிலிப் டால்டன் 1930-களில் உருவாக்கிய அதனை 'ஈ6பி' என்பர். ஒருபுறம் காற்றின் திசையையும் வேகத்தையும் குறித்தால் தரைவேகம் புலப்படும். மறுபுறம் பயண நேரமும் எரிபொருட் கணக்கும்.

மணிக்கு 8 கேலன் செலவெனக் கொண்டு, உள்வட்டின் 60-ஐ வெளிவட்டின் 80-க்கு நேரே நிறுத்தினோம். உள்வட்டில் 90 நிமிடத்திற்கு நேரே 12 நின்றது. அது 1.2-ஆ, 12-ஆ, 120-ஆ என்பதை வட்டு உரைப்பதில்லை. எட்டின் ஒன்றரை மடங்கு பன்னிரண்டு என நாமே தெளிந்தோம். தொட்டியில் பத்தே கேலன் இருப்பின், நடுவானில் நிரப்பிக்கொள்ள இடமேது?

கருவி இலக்கம் தரும்; புள்ளி வைக்கும் பொறுப்பு நம்முடையது. கணிப்பொறி விடை தரும் இந்நாளிலும், 'இது பொருந்துமா?' என ஒருகணம் வினவி ஏற்போமாக!