ஜெமினியில் பிறந்த 'கல்பனா'

ராயபுரத்திலிருந்து ராஜாஜி சாலைக்கு வந்தால் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் உழைத்து உருவாக்கிய கடைவீதி. துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சின்னஞ்சிறு கடைகளின் டிவிடிக்களில்தான் வடசென்னை இளைஞர்கள் பலர் இயக்குநர்கள் குரோசவாவையும் கிம் கி டுக்கையும் கண்டெடுத்தார்கள்.

அந்த உலக சினிமா வரிசையில் நம் ஊர்ப் படம் ஒன்றும் இருக்கிறது. நாட்டியக் கலைஞர் உதய் சங்கர் இயக்கிய ஒரே படமான 'கல்பனா' (1948), சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் உருவானது. பத்மினி முதன்முதலில் திரையில் ஆடியதும் இதில்தான். மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய அமைப்பு இதைச் செப்பனிட்டு மீட்டது. 2012-ல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. 2022-ல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம், தன் உலக சினிமாத் தொகுப்பின் 4-வது பெட்டியில், அங்கோலாவின் 'சாம்பிசங்கா'வோடு இதையும் ப்ளூரேயாக வெளியிட்டது.

ஆனால், ப்ளூரேவுக்காக உலகம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது; அந்த வட்டு 'ஏ' மண்டலத்துக்கானது. இந்தியா 'சி' மண்டலம். இங்கே விற்கும் சாதாரண பிளேயரில் அது ஓடாது.

சென்னையில் எடுத்த படத்தைச் சென்னைக்காரர் வீட்டில் போட்டுப் பார்க்க முடியாதது பெரும் குறை. இங்கும் இப்படிப்பட்ட வெளியீடுகள் வரவேண்டும். அதற்கு முதலில் படங்கள் பிழைக்க வேண்டும். பழைய நெகட்டிவோ பிரிண்டோ வைத்திருப்பவர்கள், தயவுசெய்து புணேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தை அணுகுங்கள்.